மரம் பெயர்க்கச் செல்லும் கூட்டம்

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பேருந்தில் செல்பவர்கள், ஒரகடத்தை நெருங்கும்போது சாலையின் இரு மருங்கிலும் நெடுஞ்சுவர்களைக் காண்பார்கள். அச்சுவர்களுக்கு அப்பால் கார்களும், லாரிகளும், மோட்டார் சைக்கிள்களும், அவற்றுக்கு வேண்டிய டயர்களும் உருவாகின்றன. சுவர் இன்னும் எழாத இடங்களில் பொக்லைன் எந்திரம் நின்று செம்மண்ணை வாரிக்கொண்டிருக்கும். அதன் பல்லிடுக்கில் ஒரு காரைச் செடியோ வெப்பாலையோ வேருடன் தொங்குவதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். மாலையில் அவையெல்லாம் ஓரிடத்தில் குவிக்கப்படும். பிறகு விறகாகும்; அல்லது அங்கேயே கொளுத்தப்படும்.

இவ்வாறு அழிய இருக்கும் மரஞ்செடிகளுள் சிலவற்றை, எந்திரம் வருமுன்பே சென்று, நிலத்துக்கு உரியவரின் இசைவு பெற்று, வேர் கெடாமல் தோண்டி எடுத்துவந்து தொட்டியில் வாழவைப்போர் உண்டு. அவர்கள் தனியாகச் செல்வதில்லை. பத்துப் பேர், இருபது பேர் எனக் கூடிச் செல்வார்கள். போன்சாய் எனப்படும் குறுமரக் கலையில் ஈடுபட்டவர்கள் அவர்கள். மேலை நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் இக்கலைக்கான சங்கங்கள் இத்தகைய பயணங்களை முறையாக நடத்துகின்றன. நம் நாட்டிலும் சிறு குழுக்கள் இதில் இறங்கியிருக்கின்றன. மாணவர்களாகிய உங்களிற் சிலருக்கும் ஒருநாள் அழைப்பு வரக்கூடும். கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்படுமுன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றைச் சொல்வதற்கு எனக்குள்ள தகுதி, நானும் அத்தகைய கூட்டத்தில் இருமுறை சென்றவன் என்பதும், முதல்முறை எடுத்துவந்த மரத்தைச் சாகவிட்டவன் என்பதுமேயாகும்.

போன்சாய் என்பது ஒரு மரவகையின் பெயரன்று. 'போன்' என்பது தட்டையான கலம். 'சாய்' என்பது நடுதல். கலத்தில் நட்டது என்பதே அச்சொல்லின் பொருள். ஆலோ, புளியோ, இலந்தையோ, எந்த மரத்தின் கன்றையும் கிளை கத்தரித்து, வேர் கத்தரித்து, ஆழமில்லாத கலத்தில் பல்லாண்டு வளர்த்தால், உருவம் சிறுத்து, முதுமையின் தோற்றம் மட்டும் குறையாமல் நிற்கும். அதன் விதையை எடுத்து நிலத்தில் ஊன்றினால் வானளாவ வளரும். குறுமை அதன் குருதியில் இல்லை. வளர்ப்பவர் கையில் இருக்கிறது.

இக்கலை சீனத்தில் தோன்றி ஜப்பானில் வளர்ந்தது. கி.பி. 706-இல் அடக்கஞ்செய்யப்பட்ட சாங்ஹுவாய் என்னும் தாங் வமிசத்து இளவரசனின் கல்லறைச் சுவரில், பணியாளர் ஒருவர் சிறு பாறைகளும் செடிகளும் அமைந்த தட்டொன்றை ஏந்தி நிற்கும் ஓவியம் உள்ளது. மரத்தைக் கலத்திலிட்டு நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் வழக்கமோ அதற்கும் மிக முந்தியது. அசோகன் மகளாகிய சங்கமித்திரை, புத்தகயையின் அரசமரத்துக் கிளையொன்றைப் பொற்கலத்தோடு தாமிரலிப்தித் துறையில் கப்பலேற்றி, யாழ்ப்பாணத்து வடகரையிலுள்ள சம்புகோளத்துறையில் இறக்கியதாக மகாவமிசம் கூறுகிறது. அநுராதபுரத்தில் இன்றும் வழிபடப்படும் மரம் அவ்வழி வந்ததே என்பர். அரசமரம் அத்தகைய பயணத்தைத் தாங்கியதில் வியப்பில்லை. ஏன் வியப்பில்லை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

விதையிலிருந்து ஒரு குறுமரம் உருவாக இருபது, முப்பது ஆண்டுகள் செல்லும். ஆனால் இயற்கை சில இடங்களில் அவ்வேலையை முன்னரே செய்து வைத்திருக்கிறது. பாறைப் பிளவில் முளைத்த மரம், ஆடு ஓயாது மேய்ந்த புதர், காற்று ஒரே பக்கமாக மோதும் கரையில் நின்ற செடி ஆகியவை வயதில் முதிர்ந்தும் உருவில் சிறுத்தும் இருக்கும். அடிமரம் பருத்து, பட்டை வெடித்து, கிளைகள் முறுக்கேறியிருக்கும். இத்தகைய மரத்தைக் கண்ட குறுமரக் கலைஞனுக்குக் கண் அசைவதில்லை. மலையிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த மரத்தை ஜப்பானியர் 'யமதோரி' என்று தனிப்பெயரிட்டுப் போற்றுவர்.

அந்தப் போற்றுதலே கேடாகவும் முடிந்தது. ஜப்பானில் நீகாத்தா மாநிலத்து இத்தோய்காவாப் பகுதியில் செங்குத்தான மலைமுகடுகளில் ஷிம்பாக்கு என்னும் ஊசியிலை மரம் வளர்ந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரந்தேடுவோர் உயிரைப் பணயம் வைத்து, இடையில் கயிறு கட்டிக்கொண்டு அம்முகடுகளில் இறங்கி, ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தனர். சில தலைமுறைக்குள் முகடுகள் வெறுமையாயின. பிலிப்பைன்ஸ் கடற்கரைப் பாறைகளில் வளரும் பெம்ஃபிசு என்னும் சிறுமரத்துக்கும் இதே கதி நேர்ந்தது. இன்று அது அங்கே அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இசைவின்றித் தோண்டுவது குற்றம். அந்த மரம் நம் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் உண்டு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கலை அழகாக இருப்பதனால் அதன்பொருட்டுச் செய்யும் செயலெல்லாம் அழகாகிவிடாது.

அப்படியானால் எங்கே தோண்டலாம்? எந்த மரம் அவ்விடத்தில் எவ்வாற்றானும் நிற்கப்போவதில்லையோ, அந்த மரத்தைத் தோண்டலாம். இதுவே என் விடை. தென் ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கொண்டுபோன ஒலிவ மரம், பறவைகளால் விதை பரவிக் காடுகளிற் புகுந்து களையாகிவிட்டது. அதை ஒழிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். போன்சாய்ச் சங்கத்தார் பண்ணையாளரிடம் கேட்டுக்கொண்டு கூட்டமாகச் சென்று ஒலிவ மரங்களைத் தோண்டி எடுக்கின்றனர். பண்ணையாளருக்குக் களை நீங்குகிறது. சங்கத்தாருக்கு மரம் கிடைக்கிறது. நமக்குச் சீமைக் கருவேலம் அத்தகைய களைதான். ஆனால் அதன் ஆணிவேரும் முள்ளும் என் வயதுக்கு ஏற்றவையல்ல; இளைஞர்கள் முயன்று பார்க்கலாம்.

நம் நாட்டுக்கே உரிய வேறோர் இடமும் உண்டு. பழங்கோயில்களின் கோபுரத்திலும் மதிலிலும் ஆலும் அரசும் இச்சியும் முளைத்திருப்பதை யார்தான் காணவில்லை? காகமும் மைனாவும் குயிலும் பழத்தை உண்டு, எச்சத்தோடு விதையைச் சுதையிடுக்கில் இடுகின்றன. ஒரு கைப்பிடி மண்ணும் இல்லாத இடத்தில், மழைநீரை மட்டும் நம்பி, அம்மரம் ஆண்டுக்கணக்கில் சிறுத்தே வாழ்கிறது. வேரோ, கல் இடுக்கில் தட்டையாகவும் முறுக்காகவும் புகுந்து மெல்ல மெல்லக் கல்லைப் பெயர்த்துவிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் கையில் உழவாரப்படை ஏந்திக் கோயில் பிராகாரங்களில் புல்லும் பூண்டும் செதுக்கினார் என்பது நாமறிந்த வரலாறு. அவர் வழியில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் ஊராகச் சென்று உழவாரப் பணி செய்யும் அன்பர் கூட்டங்கள் தமிழ்நாடெங்கும் உள்ளன. குறுமரக் கலையில் ஆர்வமுள்ள ஒரு மாணவர் அத்தகைய கூட்டத்தில் சேர்ந்தால், கல்லுக்கும் நன்மை. களையப்பட்ட இச்சிக் கன்றுக்கும் நன்மை. ஆனால் கோயில் நிர்வாகத்தாரின் இசைவின்றி ஒரு வேரையும் தொடலாகாது. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் போன்றவை தொல்லியல் துறையின் காப்பில் இருப்பவை. அங்கே அத்துறையாரே பணி செய்வர். வேரை இழுக்கத் தெரியாமல் இழுத்தால், வேரோடு ஒரு பல்லவச் சிற்பத்தின் மூக்கும் வந்துவிடும்.

மூன்றாவது இடம், நான் முதலிற் சொன்ன தொழில் வட்டாரம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்திலும் அவ்வாறே. அதற்கிடையிலும் அதற்குப் பின்னரும் வல்லம், சுங்குவார்சத்திரம் என வயலும் மேய்ச்சல் நிலமும் ஏரிப் பாசனமுமாக இருந்த ஊர்களின் முகமே மாறிவிட்டது. இதனை நன்று என்பாரும் உளர். தீது என்பாரும் உளர். என் மாணவர்கள் பலர் அத்தொழிற்சாலைகளில் ஊதியம் பெற்றுக் குடும்பத்தைக் காப்பவர்கள். ஆதலின் நான் ஒருதலையாகப் பேச இயலாது. ஆனால் அந்நிலங்களின் மேட்டுப்பகுதிகளில் இருந்த குறுங்காடு எத்தகையது என்பதைச் சொல்லவேண்டும். காரை, களா, சூரை, அழிஞ்சில், வெப்பாலை, காட்டு எலுமிச்சை, பிராய், முன்னை, குரங்கு வெற்றிலை ஆகியவை பின்னிக்கிடந்த காடு அது. உயரத்தில் ஆளுக்குச் சற்று மேல். வயதிலோ நம் பாட்டனாருக்கும் மூத்தவை இருக்கும். இவற்றுள் குரங்கு வெற்றிலை உலகெங்கும் போன்சாய்க் கடைகளில் சீனப் பெயரோடு விலைபோகிறது. முன்னையைத் தைவான் நாட்டுக் கலைஞர்கள் போற்றி வளர்க்கின்றனர். பிராய் மரத்தைச் சயாம் நாட்டார் பலநூறு ஆண்டுகளாக வளைத்து அழகுபடுத்தி வருகின்றனர். நம்மிடம் அது திருப்பராய்த்துறையில் தலமரம். ஆனால் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் 'புதர்' என்பதுதான்.

இனி இசைவு பற்றிச் சொல்லவேண்டும். இதில் மட்டும் சலுகையில்லை. காப்புக்காட்டில் ஒரு செடியைப் பெயர்ப்பதும் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். ஏரிக்கரை, சாலையோரம், மேய்க்கால் புறம்போக்கு ஆகியவை அரசுக்கு உரியவை. அவற்றில் நிற்கும் மரத்தை யாரும் காவாததனால் அது யாருக்கும் உரியதாகிவிடாது. தனியார் நிலமாயின் உரியவரிடம் எழுத்தில் இசைவு பெறவேண்டும். வாயிற் காவலரின் தலையசைப்பு இசைவாகாது. கூட்டத்தில் சேர அழைக்கும் அமைப்பாளரிடம், 'இசைவுக் கடிதத்தைக் காட்டுங்கள்' என்று கேட்க மாணவர்கள் கூசவேண்டியதில்லை. காட்டத் தயங்குபவரோடு செல்லாதீர்கள். தோண்டிய மரத்தை விலைக்கு விற்பதற்காகவே சிலர் கூட்டம் சேர்ப்பதும் உண்டு. அங்கே நீங்கள் கூலியில்லாத ஆட்கள்.

மரம் ஏன் சாகிறது என்பதையும் புரிந்துகொண்டு போகவேண்டும். தடித்த வேர்கள் மரத்தை நிலத்தில் பிணிக்கின்றன. மாவுப்பொருளைச் சேமித்தும் வைக்கின்றன. ஆனால் நீரை உறிஞ்சுபவை அவையல்ல. நுனியிலுள்ள மெல்லிய சல்லிவேர்களும் அவற்றின் தூவிகளுமே. அந்நுனிகள் பெரும்பாலும் அடிமரத்தை விட்டு வெகுதொலைவில், மேல்மண்ணில் பரவிக் கிடக்கும். நாம் மரத்தைச் சுற்றி ஒரு முழ அளவில் வட்டமிட்டுத் தோண்டும்போது அவற்றுள் பெரும்பகுதியை அறுத்துவிடுகிறோம். இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும். வரவு நின்று செலவு நிற்காத குடும்பம் என்னாகும்? ஆதலின் வேர் குறைந்த அளவுக்குக் கிளையையும் குறைக்கின்றனர். அதற்காக எல்லா மரத்தையும் மொட்டையடிக்கலாகாது. புதுவேர் விடுமாறு தூண்டும் பொருள் தளிர்களிலிருந்துதான் கீழிறங்குகிறது. புளி, காட்டு எலுமிச்சை போன்றவற்றுக்குச் சில இலைகளையாவது விட்டுவைத்தல் நலம்.

ஆல், அரசு, இச்சி, அத்தி ஆகியவற்றின் நிலை வேறு. அவற்றின் எப்பகுதியிலிருந்தும் வேர் பிறக்கும். கிராமத்தார் ஆலையும் பூவரசையும் கைப்பருமனுள்ள போத்தாக வெட்டி நட்டே சாலையோரத்தில் வளர்த்தனர். சென்னை அடையாற்றுப் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயலில் சாய்ந்தது. விழுதுகளின் வலிமையால் ஆலமரம் இன்றும் நிற்கிறது. சங்கமித்திரையின் அரசங்கிளை கடல்தாண்டியும் பிழைத்ததில் வியப்பில்லை என்றது இதனாலேயே. முதன்முறை தோண்டச் செல்பவர் இவ்வினத்திலேயே கைபழகவேண்டும். பனையைப் பற்றி ஒரு மாணவர் என்னைக் கேட்டார். பனைக்குக் கிளை இல்லை; உச்சியில் ஒரே குருத்து; அதைக் கத்தரித்தால் மரமே போயிற்று. அது யாருக்கும் குனியாத மரம்.

பொறுமைக்கு இடமிருந்தால் ஒரே நாளில் தோண்டவேண்டியதில்லை. இவ்வாண்டு ஆடியில் மரத்தைச் சுற்றி அரைவட்டம் குழி வெட்டி, அறுந்த வேர்களுக்கருகே மணலும் மக்கிய எருவும் நிரப்பிவிட்டால், அப்பக்கம் புதுச் சல்லிவேர் திரளும். அடுத்த ஆடியில் மறுபாதி. அதன்பின் எடுக்கப்படும் மரம் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் தொழிற்சாலை மனையில் இவ்வளவு காலம் யார் தருவார்கள்? பொக்லைன் வரும் நாள் குறித்திருக்கும். ஆதலின் அங்கே, ஒரே வீச்சில் எடுத்தாலும் பிழைக்கக்கூடிய மரத்தை மட்டும் எடுத்து, மற்றவற்றை விட்டுவரும் மனத்திடம் வேண்டும். விட்டுவருவதுதான் கடினம்.

நான் முதன்முறை சென்றது ஓய்வு பெற்ற ஆண்டின் சித்திரைக் கடைசியில். அந்த மாதமே தவறு. அக்கினி நட்சத்திர வெயிலில் மண் கல்லாகக் கிடந்தது. கடப்பாரையால் பெயர்த்தபோது குரங்கு வெற்றிலையின் வேரைச் சுற்றியிருந்த தாய்மண் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. ஏறத்தாழ வெறும் வேரோடு அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் நட்டேன். பதினெட்டாம் நாள் தண்டெங்கும் பச்சைத் தளிர்கள்! என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அண்டை வீட்டாரையெல்லாம் அழைத்துக் காட்டினேன். நிழலிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தேன், உரமும் இட்டேன். மூன்றே வாரத்தில் தளிரெல்லாம் ஒரே நாளில் வாடித் தொங்கின. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். புதுவேர் ஒன்றுகூட இல்லை. தண்டில் சேர்ந்திருந்த பழைய உணவைக் கொண்டு மரம் தளிர்த்திருக்கிறது. அது தீர்ந்ததும் மாண்டுவிட்டது. இதனைப் பொய்த்தளிர் என்று அனுபவசாலிகள் கூறுவர். முப்பத்தைந்து ஆண்டு பிள்ளைகளின் வினாத்தாளைத் திருத்திய நான், ஒரு செடியின் விடையைச் சரியாகப் படிக்கத் தவறினேன். அந்தச் செடியின் வயது அறுபதுக்குக் குறைந்திராது என்று பின்னர் ஒருவர் சொன்னார். அச்சொல் இன்னும் எனக்குள் கிடக்கிறது.

இரண்டாம் முறை ஆவணியில் சென்றோம். முந்தைய வாரம் நல்ல மழை. வல்லத்துக்கும் ஒரகடத்துக்கும் இடையே, தொழிற்சாலைக்கென வாங்கப்பட்ட ஆறு ஏக்கர் மேட்டுநிலம். பதினெட்டுப் பேர் இருந்தோம்: வங்கி அலுவலர், பல் மருத்துவர், நாற்றங்கால் வைத்திருப்பவர், இரண்டு கல்லூரி மாணவர்கள், நான். காலை ஆறுமணிக்கே அமைப்பாளர் எங்களை எல்லைக் கற்கள் நெடுகிலும் நடத்திக் காட்டி, 'கல்லுக்கு இப்பால் மட்டுமே' என்றார். ஆளுக்கு இரண்டு மரத்துக்கு மேல் கூடாது. தோண்டிய குழியை மூடவேண்டும். பாம்பு இருக்கும், கைவிட்டுத் துழாவலாகாது. இவையே அவர் விதித்த விதிகள். எங்களிடம் கடப்பாரை, மண்வெட்டி, கைரம்பம், கத்தரி, கோணிப்பை, சணற்கயிறு, இரண்டு குடம் தண்ணீர் ஆகியவை இருந்தன.

தோண்டுமுன் ஒரு மணிநேரம் வெறுமனே சுற்றிப் பார்க்கச் சொன்னார். இஃது எனக்கு முதலில் வீண்வேலையாகத் தோன்றியது. பின்னர்த்தான் காரணம் விளங்கியது. கண்ணைக் கவரும் வளைந்த மரங்களுள் பாதி, மண்ணை அகற்றிப் பார்த்தால் அடியில் ஒரே ஆணிவேரோடு பாறைக்குள் இறங்கியிருக்கும். அவற்றை எடுத்தால் பிழைக்கா. அடிமரத்தைச் சுற்றிக் கையளவு ஆழம் விரலால் கீறி, சல்லிவேர் இருக்கிறதா என்று பார்த்தபின்பே கடப்பாரையைத் தொடவேண்டும். அங்கே சில அடி ஆழத்தில் வெளிறிய களிப்பாறை தென்பட்டது. நிலநூலார் ஸ்ரீபெரும்புதூர்ப் படிவு என்று பெயரிட்ட பாறை வகையை அது எனக்கு நினைவூட்டியது. பத்துக்கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செடிகளின் இலைத்தடங்கள் அப்படிவில் பதிந்திருக்கின்றன. மரம் தேடி வந்தவன் சிறிது நேரம் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இலை எதுவும் அகப்படவில்லை.

ஓர் இச்சியை நான் தேர்ந்தேன். பழைய கிணற்றின் இடிந்த கைப்பிடிச் சுவரில் வளர்ந்தது. இரண்டு முழ உயரம். வேர்கள் செங்கல்லை விரல்கள் போலப் பற்றியிருந்தன. கல்லூரி மாணவர் ஒருவர் செங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்ற, நான் வேரைக் காத்துப் பிடித்தேன். நீண்ட வேர்களைக் கூரிய கத்தரியால் அறுத்தோம். நசுங்கிய வேர் அழுகும். பால் வடிவது நிற்கும்வரை காத்து, ஈரக் கோணியால் இறுகச் சுற்றிக் கட்டினோம். வேர் காற்றில் காய்ந்தால் சில நிமிடங்களிலேயே அதன் நுனிகள் இறந்துவிடும். தோண்டுவதில் விரைவு வேண்டியதில்லை; தோண்டியபின் விரைவு வேண்டும்.

ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் வேப்பமர நிழலில் அமர்ந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பல் மருத்துவர் ஒரு காரைச் செடியைத் தூக்கிச் செல்வதைக் கண்டு என்னிடம் கேட்டார்:

"ஏங்கய்யா, இதை எங்க கொண்டு போறீங்க?"

"வீட்டில் தொட்டியில் வைத்து வளர்க்கப் போகிறோம், அம்மா."

"வெச்சா எம்மாம் உசரம் வரும்?"

"ஒரு முழம் வரும்."

அவர் சிரித்தார். "இங்கயே வுட்டா ஆளு உசரம் நின்னிருக்கும். என் ஆடுங்க மதியத்துல அதும் அடியிலதான் படுக்கும்" என்றார். பிறகு, "வுட்டாத்தான எங்க வுடப் போறாங்க. கொண்டு போங்க" என்று தாமே முடித்தார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பதினெட்டுப் பேர் சேர்ந்து அன்று எடுத்தவை இருபத்தொன்பது மரங்கள். அந்த ஆறு ஏக்கரில் நின்றவை ஆயிரத்துக்குக் குறையா. ஒரு காட்டைக் காத்தோம் என்று எங்களுள் யாரேனும் சொல்லிக்கொண்டால் அது பொய். தொட்டிக்குள் வந்த காரையின் அடியில் ஆடு படுக்காது.

நண்பகலில் ஒரு சிறு வாதம் எழுந்தது. எல்லைக் கல்லுக்கு அப்பால், பத்தடி தள்ளி, மேய்க்கால் புறம்போக்கில் ஒரு முதிய குரங்கு வெற்றிலை நின்றது. மணிக்கட்டினும் பருத்த அடி. ஆடுகள் மேய்ந்து மேய்ந்து குடை போலத் தட்டையாகிய தலை. அதைப் போன்ற ஒன்று அந்த மனையில் வேறெங்கும் இல்லை. இரண்டாம் மாணவர் அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஐயா, இதையும் நாளைக்கு இடிக்கத்தானே போகிறார்கள்? இன்று நாம் எடுத்தால் என்ன?" என்று அமைப்பாளரிடம் கேட்டார்.

"இடிக்கலாம். இடிக்கப்போவதாக இன்னும் யாரும் எனக்குக் கடிதம் தரவில்லை" என்றார் அவர்.

மாணவருக்கு முகம் வாடியது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தச் செடியின்மேல் கண் இருந்தது. சாகவிட்ட என் பழைய செடிக்கு ஈடாக அது எனக்கே கிடைத்தால் என்ன என்று எண்ணினேன். ஆனால், 'எப்படியும் அழியத்தான் போகிறது' என்னும் வாதத்தை ஒருமுறை ஒப்புக்கொண்டால், அதற்கு எல்லைக்கல் நடுவது எங்கே? இத்தோய்காவாவில் கயிற்றில் இறங்கியவர்களுக்கும், 'நான் எடுக்காவிடில் இன்னொருவன் எடுப்பான்' என்னும் எண்ணம் தோன்றியிருக்கும். நாங்கள் அதை அங்கேயே விட்டுவிட்டு உணவருந்தச் சென்றோம்.

வீட்டில் செய்ததை இனிச் சொல்கிறேன். முதலில் அழகிய தட்டையான கலத்தைத் தேடவில்லை. அடியில் துளைகளிட்ட அகன்ற மரப்பெட்டியே போதும். ஆற்றுமணலும், சலித்த செங்கற் பொடியும், சிறிது மக்கிய எருவும் கலந்த கலவையை இட்டேன். வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். களிமண்ணில் வேர் மூச்சுமுட்டி அழுகும். மரத்தைக் கயிற்றால் பெட்டியோடு அசையாமல் பிணித்தேன். இதைப் பலர் மறக்கிறார்கள். காற்றில் மரம் ஆடுந்தோறும், அன்று தோன்றிய நுனிவேர்கள் அறுகின்றன. கீற்றுப் பந்தலின் நிழலில் வைத்து, மேலே பாலித்தீன் தாளால் தளர்வாக மூடி, ஈரப்பதம் காத்தேன். மூன்றாம் வாரம் தளிர்த்தது. இம்முறை யாரையும் அழைக்கவில்லை, இடத்தையும் மாற்றவில்லை, உரமும் இடவில்லை. தளிர் இலையாகி, அவ்விலை முற்றி, இரண்டாம் முறை தளிர்விட்ட பின்பே, நான்கு மாதம் கழித்து, காலை வெயிலுக்கு நகர்த்தினேன். இரண்டாம் தளிர்தான் வேர் பிடித்ததற்குச் சான்று. முதல் ஈராண்டும் கத்தரியைக் கையில் எடுக்கவில்லை. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் தோண்டும் நாளில் வராமல் இருப்பதே மரத்துக்கு நல்லது.

குழுவினர் பின்னர் ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுத்தோம். இருபத்தொன்பதில் பத்தொன்பது பிழைத்திருந்தன. ஆல், இச்சி வகைகள் ஒன்றுகூடத் தவறவில்லை. காட்டு எலுமிச்சை மூன்றும் போயின. போனவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்பது அமைப்பாளரின் கட்டளை. எந்த மாதம், எவ்வளவு வேர், எத்தனை இலை, எப்போது மாண்டது என்னும் குறிப்பு இல்லாவிட்டால், அடுத்தவரும் அதே மரத்தை அதே முறையில் கொல்வார். அந்த ஏட்டைப் படிக்கும்போதுதான் இதுவும் ஒரு கல்வி என்று எனக்குப் பட்டது.

சென்ற தை மாதத்தில் ஒரகடத்து மாணவர் ஒருவரின் திருமணத்துக்குச் சென்றவன், திரும்பும் வழியில் அந்த மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எல்லைக் கல்லுக்கு இப்பால் தகரக் கூரையிட்ட பெரிய கட்டடம் எழுந்துவிட்டது, வேப்பமரம் இல்லை, கிணறு இருந்த இடம் லாரிகள் திரும்பும் சிமெண்டுத் தளம். கல்லுக்கு அப்பால் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மூதாட்டியைக் காணவில்லை, ஒரு சிறுவன் காவலிருந்தான். அந்தக் குரங்கு வெற்றிலை அங்கேயே நின்றது. கிளையெங்கும் சிறுசிறு செம்பழங்கள். இரண்டு கொண்டைக்குருவிகள் அவற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.